ஸ்டோரில் கேளுங்கள், தெருவில் தேடாதீர்கள்

(சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஞாயிறு மாலை, வெளிநாட்டு ஊழியர்களுக்கான கணினி வகுப்பின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)

கிடைப்பது ஒரே ஓய்வு நாள். அதில் துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் பேச வேண்டும், தேக்கா பக்கம் போய்ப் பணம் அனுப்ப வேண்டும். அதற்கிடையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிராஞ்சி வரைக்கும் வந்திருக்கிறீர்கள். ஆகவே லினக்ஸின் பிறப்பு வளர்ப்பு என்று நீட்டாமல் ஒரே ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன்: லினக்ஸ் போட்ட கணினியில் மென்பொருள் நிறுவுவது.

லினக்ஸ் ஏன் என்று உங்களிடம் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வருகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துபோனது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். சிம் லிம் ஸ்குவேரில் பழையதாக வாங்கிய கணினியில் இவை இரண்டும் இருப்பதில்லை. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் தூக்கிப்போடச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் ஏற்கெனவே ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. உங்கள் கணினியும் அதில் போய் விழ வேண்டியதில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 2 ஜிபி நினைவகத்தில் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும்.

லினக்ஸைப் போடுவது பெரிய கஷ்டமில்லை. பென்டிரைவைச் செருகி, கேட்கிற நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் முடிந்தது. முதல் நாள் எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாம் நாள்தான் போன் வரும்: “அண்ணே, படம் பார்க்க விஎல்சி டவுன்லோட் பண்ணேன், கிளிக் பண்ணா ஒண்ணுமே ஆகல.” போய்ப் பார்த்தால் இறக்கி வைத்திருக்கும் கோப்பின் வால் இஎக்ஸ்இ என்று இருக்கும். அது விண்டோஸுக்கானது. லினக்ஸில் அது ஓடாது. ஒயின் என்றொரு மென்பொருள் வழியாகச் சிலவற்றை ஓட்டலாம். முதல் மாதத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இங்கே தடுமாற்றம் தொழில்நுட்பத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. விண்டோஸ் நமக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: கூகுளில் தேடு, முதலில் வருவதைத் திற, பச்சையாக, பெரிதாக எந்தப் பொத்தான் இருக்கிறதோ அதை அழுத்து, பிறகு நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். அந்தப் பச்சைப் பொத்தான் பாதி நேரம் விளம்பரம். அதை வைத்தவன் யார் என்று நாம் கேட்டதே இல்லை.

கேட்காததன் விலை என்ன என்று சிங்கப்பூருக்குத் தெரியும். 2023இல் ஃபேஸ்புக்கில் மலிவு விலைக்கு உணவுப் பொருள், வீட்டுச் சுத்தம், ஏர்கான் சர்வீஸ் என்றெல்லாம் விளம்பரம் வந்தது. தொடர்புகொண்டால் வாட்ஸ்அப்பில் ஒரு சுட்டி அனுப்புவார்கள்: “இந்தச் செயலியைப் போட்டு ஆர்டர் பண்ணுங்க.” அது ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான ஏபிகே கோப்பு. போட்டவர்களின் கைப்பேசி அடுத்தவன் கைக்குப் போனது, வங்கிக் கணக்கு காலியானது. அந்த ஒரே ஆண்டில் இந்த வகையில் சுமார் 1,900 புகார்கள், 34 மில்லியன் வெள்ளிக்கு மேல் இழப்பு. 2024 பிப்ரவரியில் கூகுள் ஒரு தடுப்பைக் கொண்டுவந்தது: வெளியிலிருந்து இறக்கும் செயலி குறுஞ்செய்தி படிக்கிற அனுமதி போன்றவற்றைக் கேட்டால் நிறுவவே விடாது. அதை முதலில் சோதித்துப் பார்த்த நாடு சிங்கப்பூர்தான். பணம் இழந்தவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்ததெல்லாம் முன்பின் தெரியாத ஒருவன் நீட்டியதை வாங்கி உள்ளே வைத்ததுதான்.

இப்போது உங்கள் வேலையிடத்துக்கு வாருங்கள். சைட்டில் டிரில் மெஷின் வேண்டும் என்றால் நீங்கள் கேட்டுக்கு வெளியே போய் யாரிடமும் கேட்பதில்லை. ஸ்டோருக்குப் போகிறீர்கள். ஸ்டோர் கீப்பர் மெஷினோடு பிட், எக்ஸ்டென்ஷன் கேபிள் எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார். பரிசோதித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார். யாருக்கு என்ன கொடுத்தோம் என்று புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். பழுதான மாடல் என்று தெரிந்தால் எல்லாரிடமிருந்தும் திரும்ப வாங்கி வேறு கொடுக்கிறார். லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் எதைப் போட்டாலும் கூடவே இப்படி ஒரு ஸ்டோர் வருகிறது. அதற்குக் களஞ்சியம் என்று பெயர், ஆங்கிலத்தில் ரெப்பாசிட்டரி. அதில் இருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி, அதாவது பேக்கேஜ். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இன் களஞ்சியத்தில் ஏறத்தாழ 70,000 பொதிகள் இருக்கின்றன. எல்லாம் இலவசம்.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. 1990களில் லினக்ஸ் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்போது சென்னையில் பிசிக்வெஸ்ட் இதழோடு லினக்ஸ் குறுந்தகடு வரும்; அதுதான் பலருக்கு முதல் லினக்ஸ். பாட்டுக் கேட்க ஒரு மென்பொருளைப் போட முயன்றால் “எனக்கு இன்னொரு நூலகம் வேண்டும்” என்று நிற்கும். நூலகம் என்றால் பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணுக்கு. அதைத் தேடிப் பிடித்துப் போட்டால் அதற்கு வேறொன்று வேண்டும். மூன்றாவதற்குப் போனால், ஏற்கெனவே இருப்பதன் பழைய பதிப்புதான் வேண்டும் என்று சொல்லும். ஒரு ராத்திரியே போய்விடும், பாட்டு மட்டும் பாடாது. இந்தச் சங்கிலியைக் கணினியே கணக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று டெபியன்காரர்கள் எழுதியதுதான் ஆப்ட். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1இல் அது சேர்ந்தது. டெபியனிலிருந்து உபுண்டு, உபுண்டுவிலிருந்து மின்ட். ஆகவே இன்று உங்கள் கணினியில் போடப்போவதும் அதே ஆப்ட்தான்.

உங்களில் சிலருக்கு இது ஏற்கெனவே கைக்கு வந்த பொருள். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. திறந்தால் இரண்டு வாசல் இருக்கும்: ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. (அங்கே பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார். அழித்துவிட்டுப் படம் ஏற்றியிருப்பார்.) அந்த இரண்டாம் வாசலைப் பலர் திறக்கவே இல்லை. குறை லினக்ஸில் இல்லை என்பது என் எண்ணம். கணினியைக் கொடுத்தார்கள், அதில் ஒரு மென்பொருளைச் சேர்ப்பது எப்படி என்று பத்து நிமிடம் யாராவது உட்கார்ந்து காட்டியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அந்தப் பத்து நிமிடம் இதோ. மின்டில் சாஃப்ட்வேர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. கைப்பேசியின் ப்ளே ஸ்டோர் மாதிரியே தேடி அழுத்தலாம். அதுவே போதும் என்பவர்கள் அதிலேயே இருக்கலாம். ஆனாலும் டெர்மினல் என்னும் கறுப்புச் சன்னலில் மூன்று கட்டளைகளைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். பொத்தான் தோற்றுப்போனால் “ஏதோ தவறு” என்று மட்டும் சொல்லும். டெர்மினல் என்ன தவறு என்று சொல்லும்.

முதல் கட்டளை: சூடோ ஆப்ட் அப்டேட். சூடோ என்பது எஸ், யு, டி, ஓ; கணினியின் நிர்வாகி என்ற உரிமையோடு செய் என்று பொருள். ஆப்ட் என்பது ஏ, பி, டி. இந்தக் கட்டளை எதையும் நிறுவாது, புதுப்பிக்கவும் செய்யாது. ஸ்டோரில் இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வாங்கி வரும். இரண்டாவது: சூடோ ஆப்ட் அப்கிரேட். உங்களிடம் இருப்பவற்றில் புதிய பதிப்பு வந்தவை எல்லாம் இதில் மாறும். மூன்றாவது: சூடோ ஆப்ட் இன்ஸ்டால், அதன் பின்னால் ஓர் இடம் விட்டுப் பொதியின் பெயர். விஎல்சி வேண்டுமானால் விஎல்சி என்று சிறிய எழுத்தில். அவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் ஆப்ட் சர்ச் போட்டுத் தேடலாம்.

முதல் தடவை கடவுச்சொல் கேட்கும். டெபியன் போன்ற சில லினக்ஸ்களில் நீங்கள் தட்டினாலும் திரையில் ஒன்றும் தெரியாது. புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எத்தனை எழுத்து என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் பத்துப் பேர் இருக்கும் விடுதி அறைக்கு இது ரொம்பப் பொருத்தம். தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள்.

“பொதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை” என்று வந்தால் ஒன்று எழுத்துப்பிழை, இல்லாவிட்டால் முதல் கட்டளையை மறந்திருப்பீர்கள். “பூட்டு கிடைக்கவில்லை” என்று வந்தால் பயப்படவே வேண்டாம். பின்னணியில் கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஸ்டோர் புத்தகத்தில் எழுத முடியாது. டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போடுங்கள். இணையத்தில் யாராவது அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், பாதியில் அறுந்த நிறுவலைச் சரிசெய்வது அதைவிடப் பெரிய தலைவலி.

நிறுவத் தொடங்கும் முன் ஆப்ட் ஒரு பட்டியல் காட்டும்: இவை புதிதாக வரும், இவை மாறும், இவை நீக்கப்படும், இத்தனை எம்பி இறக்க வேண்டும், சம்மதமா? இதைப் படிக்காமல் யாரும் என்டர் தட்டக் கூடாது. படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். கனடாவின் லைனஸ் செபாஸ்டியன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வேறு. இவர் கணினிப் பொருள்களைப் பற்றி யூடியூபில் பேசுபவர். 2021இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளைப் போடப் போனார். பொத்தான் வழி மறுத்தது. டெர்மினலுக்குப் போனார். “இதைச் செய்தால் அத்தியாவசியப் பொதிகள் நீக்கப்படும், உறுதியாக வேண்டுமானால் நான் சொன்னபடி செய் என்று முழு வாக்கியமாகத் தட்டு” என்று கேட்டது. தட்டினார். கணினியின் திரைமுகப்பு முழுவதும் போய்விட்டது. வெறும் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் நின்றது. அன்றைக்கு அந்தப் பொதியில் கோளாறு இருந்தது உண்மை, அவர் பக்கம் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு பாட்டுப் பெட்டியைப் போடும்போது “நீக்கப்படும்” என்ற தலைப்பின் கீழே நாற்பது பெயர் வந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

டேட்டா கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. களஞ்சியத்தின் நகல்கள் உலகமெங்கும் இருக்கின்றன. சிங்கப்பூரிலேயே நகல்கள் உண்டு. அமைப்பில் பக்கத்துச் சர்வரைத் தேர்ந்தெடுத்தால் வேகமாக இறங்கும். எந்த நகலிலிருந்து எடுத்தாலும் ஆபத்தில்லை. களஞ்சியத்தின் பட்டியலில் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது, பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. வழியில் யாராவது ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் பொருந்தாது, ஆப்ட் ஏற்காது.

ஸ்டோரில் இல்லாதது வேண்டுமென்றால்? இங்கேதான் வெளியே காலை வைக்கிறோம், இங்கே அவசரம் கூடாது. சில கம்பெனிகள் தாங்களே டெப் என்ற வால் உள்ள கோப்பைக் கொடுக்கின்றன. கூகுள் குரோம் அப்படித்தான் வருகிறது; போட்டவுடன் தன் களஞ்சியத்தையும் சேர்த்துக்கொண்டு இனிமேல் ஆப்ட் வழியாகவே புதுப்பித்துக்கொள்ளும். எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்வதில்லை, புதுப் பதிப்பு வந்தால் நீங்களே போய் எடுக்க வேண்டியிருக்கும். அடுத்தது ஃபிளாட்பேக் என்ற வேறு வகைப் பொதி. மின்டில் ஃபிளாட்ஹப் என்ற அதன் களஞ்சியம் உள்ளேயே இருக்கிறது. தனக்கு வேண்டியதைத் தன்னோடு சுமந்து வருவதால் எடை அதிகம். சின்ன மென்பொருளுக்குப் பெரிய இறக்கம். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22இலிருந்து, எழுதியவர் யாரென்று உறுதிசெய்யப்படாத ஃபிளாட்பேக்குகளைத் தானாகவே மறைத்து வைக்கிறார்கள். அந்த மறைப்பை நீக்காதீர்கள்.

உபுண்டுவில் ஸ்னாப் என்று இன்னொன்று. அதன் கடையில் 2024 தொடக்கத்தில் பிரபலமான ஒரு பிட்காயின் பணப்பையின் பெயரில் போலி நுழைந்துவிட்டது. நம்பிப் போட்ட ஒருவர் 9 பிட்காயின் இழந்தார். ஆகவே கடை என்று பெயர் இருப்பதாலேயே நம்பிவிட முடியாது. உள்ளே வைப்பவர் யார், சோதிப்பவர் யார் என்பதுதான் கேள்வி. டெபியனில் ஒரு பொதியை வைப்பதற்குப் பெயர் தெரிந்த ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார்.

அங்கேயும் தவறு நேராமல் இல்லை. 2024 மார்ச்சில் ஒரு சம்பவம் வெளிச்சத்துக்கு வந்தது: கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் நூலகத்தில் ஒருவர் பல காலம் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை பெற்று, பிறகு ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாகிறதே என்று தோண்டிப் போய்க் கண்டுபிடித்தார். அது டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரைக்கும் வந்திருந்தது. நிலையான பதிப்பைத் தொடவில்லை. புதுசு புதுசு என்று ஓடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம். நீங்கள் நிலையான பதிப்பிலேயே இருங்கள். பழசாகத் தெரியும், பரவாயில்லை.

லினக்ஸையே இறக்கும்போதும் இந்தக் கவனம் வேண்டும். 2016 பிப்ரவரி 20ஆம் தேதி லினக்ஸ் மின்டின் தளத்தையே ஒருவர் உடைத்து, இறக்கும் சுட்டியைத் தன் போலிப் பிரதிக்குத் திருப்பிவிட்டார். ஆகவே இறக்கியதன் சரிபார்ப்பு எண்ணையும் அதன் கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்று நாங்கள் வைத்திருக்கும் பென்டிரைவுகளை ஒப்பிட்டுவிட்டோம். எப்படி ஒப்பிடுவது என்று மேசையில் காட்டுகிறேன்.

இன்னொன்று: ஏதாவது வழிகாட்டியில் கர்ல் என்று தொடங்கி, நடுவில் செங்குத்துக் கோடு போட்டு, சூடோ பாஷ் என்று முடியும் ஒற்றை வரி இருக்கும். இணையத்திலிருந்து ஒரு கட்டளைத் தாளை இறக்கி, படிக்காமலே நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று அதற்குப் பொருள். நல்லவர்களும் இப்படிக் கொடுக்கிறார்கள். தொடக்கக்காரர் தொட வேண்டாம்.

பைத்தான் படிக்கும் தம்பிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பிப் கட்டளையைப் போட்டால் புதிய லினக்ஸ்களில் “இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது” என்று மறுக்கும். ஆப்ட் வைத்திருப்பதை பிப் கலைத்துவிடக் கூடாது என்பதற்கான தடுப்பு அது. வென்வ் என்ற தனி அறை போட்டு அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபட மென்பொருளான ஆட்டோகேட் பற்றிப் பலர் கேட்டீர்கள். டிப்ளமோ முடித்துவிட்டு வந்து இங்கே டிராஃப்டிங் கோர்ஸ் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: ஆட்டோகேட் லினக்ஸுக்கு வருவதில்லை. லிப்ரேகேட், ஃப்ரீகேட் இரண்டும் லினக்ஸுக்குக் கிடைக்கின்றன, கோடு போட்டுப் பழக நல்லவை. ஆனால் கம்பெனி அனுப்பும் டிடபிள்யூஜி கோப்பை அப்படியே திறந்து திருத்தி அனுப்ப அவற்றை நம்ப முடியாது. அந்த வேலை உங்களுக்கு உண்டென்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம்.

இனி நாம் முதலில் நிறுவப்போவது தமிழ். மின்டிலும் உபுண்டுவிலும் ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ‘பக்கம்’ என்று தட்ட ககரத்தை இரண்டு முறை அழுத்தினால் புள்ளி தானாக விழும். கைப்பேசியில் அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிய விரலுக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் விடமாட்டீர்கள். இந்த விசைப்பலகையைத் தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்றது. ஆனால் தமிழைக் கணினியில் எப்படி ஒழுங்குபடுத்துவது என்று உலகத் தமிழர் கூடிப் பேசிய முதல் தமிழ் இணைய மாநாடு 1997 மே மாதம் இதே சிங்கப்பூரில் நடந்தது. அதற்கு முன்னின்று உழைத்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1995இலேயே சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் எழுத்தில் இணையத்தில் ஏற்றிக் காட்டியவர்களில் ஒருவர். தமிழ்99 வந்த அதே ஆண்டு மே மாதம் காலமானார். அன்றைக்கு எழுத்துருவை நெகிழ்வட்டில் கைமாற்றினார்கள். இன்றைக்கு ஒரே வரிக் கட்டளை.

அதற்கடுத்து டெசராக்ட்-ஓசிஆர்-தாம். பட்டா, பள்ளிச் சான்றிதழ், பழைய அச்சுப் புத்தகம் எதையாவது படமெடுத்துக் கொடுத்தால் அதிலிருக்கும் தமிழை எழுத்தாக மாற்றித் தரும். நன்றாக அச்சிட்ட தாளில் நன்றாகப் படிக்கும்; மங்கிய முத்திரையும் கையெழுத்தும் அதற்கு ஆகாது. கடிதம், கணக்கு எழுதுவதற்கான லிப்ரே ஆபிஸ் மின்டிலேயே வந்துவிடுகிறது. தமிழில் மேலும் படிக்க விரும்பினால் து. நித்யா எழுதிய எளிய தமிழ்க் கணினி நூல்களைக் கணியம் என்னும் இணையத்தளம் இலவசமாகவே கொடுக்கிறது. அதில் லினக்ஸுக்கும் நூல் உண்டு.

இப்போது இரண்டு வரிசையாக வாருங்கள். வலப்பக்க மேசை விண்டோஸை முழுவதுமாக எடுக்க விரும்புகிறவர்களுக்கு, இடப்பக்கம் இரண்டையும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு. சார்ஜரை இப்போதே செருகிவிடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் கணினியில் ஊர்ப் படங்கள், பெர்மிட் நகல், பாஸ்போர்ட் ஸ்கேன் ஏதாவது இருந்தால் கையை உயர்த்துங்கள். அவர்களுக்கு முதலில் ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுப்போம், அதுவரை யாரும் இன்ஸ்டால் பொத்தானைத் தொட வேண்டாம்.